பசி போட்ட பாதையில் ஒரு பகல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழிச்செலவை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். ஆற்றுப்படை என்னும் அவ்வகையைப் புரவலரின் கொடைச் சிறப்பாகவே பலரும் படித்துப் பழகிவிட்டனர். ஆனால் அப்பாட்டுகள் பசியில் தொடங்குகின்றன. பசி தீர்ந்த ஒருவன், பசித்து வரும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். எந்த மலையைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் தங்கலாம், எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் செல்கிறான். மலையும் ஆறும் அங்கே கண்ணுக்கு விருந்தாக மட்டும் நிற்கவில்லை. வயிற்றுக்கும் வழிக்கும் இடையே உள்ள உறவாக நிற்கின்றன. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு பகலையும் ஓர் இரவையும் அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பயணக் கட்டுரைகள் பெருகியிருக்கும் காலம் இது. கடல் கடந்து செல்வோர் பலர். சென்று வந்து எழுதுவோரும் பலர். பசுமை, அமைதி, தூய்மை ஆகிய மூன்று சொற்களில் ஒரு நாடு முடிந்துபோவதையும் காண்கிறோம். அயர்லாந்தைப் பற்றிய எழுத்துகளில் இம்மூன்று சொற்களும் தவறாமல் வரும். அவை பொய்யல்ல. ஆயினும் அந்தப் பசுமை எப்படி வந்தது, அந்த அமைதி எவர் இல்லாமற்போனதால் விளைந்தது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கேட்பது கவிஞரின் கடன்.

ஜூன் மாதத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்து மணியளவில் விடிந்து, இரவு பத்து மணிக்குப் பின்னும் மேற்கு வானில் வெளிச்சம் எஞ்சும் மாதம் அது. கால்வே, மாயோ என்னும் இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக நிலத்துக்குள் ஏறக்குறைய 16 கி.மீ. நீளம் நுழைந்து கிடக்கிறது கில்லரி என்னும் கடற்கழி. அதன் தென்கரையில், நிலத்துக்குரியவரின் ஒப்புதல் பெற்று ஒரு பயணி கூடாரம் அடித்திருக்கிறார் என்று கொள்வோம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கும் பொது உரிமை அந்நாட்டில் இல்லை. பெரும்பாலான நிலம் தனியாருடையது. ஆதலால் ஒப்புதல் கேட்பதே முறை. ஈரப் புல்லில் முளைகளைப் பிடுங்கி, நனைந்த துணியை உதறி மடிக்கிறார். கேஸ் அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. மேற்குக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 225 நாள்கள் மழை உண்டு என்பதால், காய்ந்த கூடாரத்தை மடிக்கும் பேறு அங்கே சிலருக்கே வாய்க்கும். காற்று நின்றுவிட்டால் கடுகளவேயான மிட்ஜ் என்னும் பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் மொய்க்கும். கழியின் நீர்ப்பரப்பில் சிப்பி வளர்க்கும் கயிறுகளைத் தாங்கிய மிதவைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன.

இளவெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில் எதிர்மலைச் சரிவைக் கூர்ந்து நோக்கினால், புல்லுக்கு அடியில் உழவுசால் போன்ற மேடுபள்ளங்கள் நெடுகத் தெரியும். அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். அங்கே இன்று பயிரும் இல்லை, பயிரிட்டவரும் இல்லை. உச்சி வெயிலில் தழும்புகள் மறைந்து சரிவு முழுவதும் ஒரே பசுமையாகிவிடும். காலையிலும் மாலையிலும் மட்டும் மலை தன் உடம்பைக் காட்டுகிறது.

1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கைத் தாக்கிய பூசண நோய் அயர்லாந்தின் ஏழைகளுக்கிருந்த ஒரே உணவை அழித்தது. 1852 வரை நீடித்த அந்தப் பெரும்பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் மடிந்தனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினர். 1841இல் 3 லட்சத்து 88 ஆயிரம் பேர் வாழ்ந்த மாயோ மாவட்டத்தில் 1851இல் எஞ்சியோர் 2 லட்சத்து 74 ஆயிரம் பேர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அங்கே ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் பேரே இருந்தனர். பயணி வியந்து போற்றும் அமைதிக்கு ஒரு கணக்கு உண்டு, அது இதுதான்.

கில்லரியின் தென்கரையோரம் செல்லும் பழம்பாதை ஒன்று பஞ்ச காலத்து நிவாரண வேலையாகப் போடப்பட்டது என்பர். 1846ஆம் ஆண்டிலும் 1847இன் தொடக்க மாதங்களிலும் அரசு பட்டினி கிடந்தோர்க்கு உணவை நேரடியாகக் கொடுக்கவில்லை. வேலை கொடுத்து, அதற்குக் கூலி கொடுத்தது. கல்லுடைத்துச் சாலை போடுவதே பெரும்பாலும் அந்த வேலை. 1847 மார்ச் மாதத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வேலைகளில் இருந்தனர். நல்ல சாலைகளும் கிடைத்தன. எங்கும் போய்ச் சேராத சாலைகளும் கிடைத்தன. மலைச்சரிவில் தொடங்கிச் சதுப்பு நிலத்தில் நின்றுபோகும் பாதைகள் அந்நாட்டில் இன்றும் உண்டு. கவிஞர் ஈவன் போலண்ட், 1994இல் வெளிவந்த தம் தொகுப்பின் ஒரு கவிதையில், அத்தகைய பஞ்சச் சாலையை வரைபடம் காட்டுவதில்லை என்னும் உண்மையைப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஊருக்கும் ஊருக்கும் இடையே எத்தனை தொலைவு என்று வரைபடம் சொல்லும். அந்தத் தொலைவை இட்டு நிரப்பியவர் எந்த இடத்தில் விழுந்தார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

வண்டி புறப்படுகிறது. நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையின் இடப்புறமே செல்ல வேண்டும். ஐரிஷ் மொழியில் சாலைக்கு 'போஹர்' என்று பெயர். பசுவைக் குறிக்கும் 'போ' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டு பசுக்கள், ஒன்று நீளவாக்கிலும் மற்றொன்று குறுக்குவாக்கிலும் நிற்கும் அகலமே போஹர் என்று அம்மொழியின் பழைய சொல்லகராதி ஒன்று இலக்கணம் கூறும். அதன் குறுமை வடிவம் 'போஹரீன்'. இருபுறமும் கல்வேலியோ செடிவேலியோ உயர்ந்து நிற்க, நடுவே புல் முளைத்துக் கிடக்கும் ஒற்றைத் தடம் அது. நம் கொங்கு நாட்டு இட்டேரியைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். வழி விட்டவருக்கு மற்றவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்வார்.

கழியின் தலைமாட்டில் லீனேன் என்னும் சிற்றூர். 'தி ஃபீல்டு' என்னும் திரைப்படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. அப்படம் 1990இல் வெளிவந்தது. ஒரு துண்டு நிலத்தின் மீது ஒரு குடியானவன் கொண்ட வெறியே அதன் கதை. அவ்வூரைத் தாண்டினால் எரிஃப் ஆறு ஆஸ்லீ அருவியாய் விழுந்து கடலோடு கலக்கிறது. அங்கே பெருஞ்சாலையை விட்டு இடப்புறம் திரும்பும் சிறுசாலை கழியின் வடகரை வழியாக டெல்ஃபை நோக்கிச் செல்லும்.

பெயர்களைக் கவனிக்க வேண்டும். வழிகாட்டிப் பலகைகளில் மேலே ஐரிஷ் மொழியும் கீழே ஆங்கிலமும் இருக்கும். ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் மட்டுமே இருக்கும். 1824இல் தொடங்கிய அரசு நில அளவையின்போது ஊர்ப்பெயர்கள் ஆங்கிலக் காதுக்கும் ஆங்கில எழுத்துக்கும் ஏற்ப மாற்றப்பட்டன. 'டூலஃப்' என்று இன்று எழுதப்படும் ஏரியின் பெயர் ஐரிஷில் கருநிற ஏரி என்று பொருள்படும். ஆங்கில ஒலிப்பில் அதற்குப் பொருளே இல்லை. அதன் அருகிலுள்ள டெல்ஃபைக்கு அப்பெயரைச் சூட்டியவர் ஸ்லைகோ பிரபு. கிரேக்க நாட்டின் டெல்ஃபியை நினைந்து சூட்டினார். ஒரு பிரபுவின் நினைவு ஊருக்குப் பெயராயிற்று. ஊராரின் நினைவு எழுத்துப் பிழையாயிற்று. இந்த இழப்பையே பிரையன் ஃப்ரீல் 1980இல் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' என்னும் நாடகமாக்கினார். அதற்கு ஈடு செய்வதுபோல், இங்கிலாந்தில் பிறந்து கானமாராவில் குடியேறிய டிம் ராபின்சன், ஊர் ஊராக நடந்து முதியோரிடம் கேட்டு, பாறைக்கும் ஓடைக்கும் உரிய பழம்பெயர்களைத் திரட்டி வரைபடம் வரைந்தார். அவர் 2020இல் மறைந்தார்.

டெல்ஃபையைத் தாண்டியதும் சாலை டூலஃப் ஏரியின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. ஒருபுறம் 814 மீட்டர் உயரமுள்ள மூவல்ரே மலை. மறுபுறம் ஷெஃப்ரி குன்றுகள். இடையில் நீண்ட கரிய நீர். வீடுகள் இல்லை. முதுகில் வண்ணம் தீட்டிய செம்மறிகள் சாலையிலேயே படுத்திருக்கும். எழில் மிகுந்த இடம் என்று எந்தக் கையேடும் இதைக் குறிக்கும். 2014இல் தொடங்கப்பட்ட, 2,500 கி.மீ. நீளமுள்ள அட்லாண்டிக் கரைச் சுற்றுலா வழியும் இதனூடே செல்கிறது.

1849 மார்ச் மாத இறுதியில் இவ்வழியே நடந்தவர்கள் லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணம் பெற்றுவந்த ஏழைகள். அவர்கள் தொடர்ந்து நிவாரணம் பெறத் தகுதியுடையவர்களா என்று ஆராய அதிகாரிகள் இருவர் வந்தனர். வந்தவர்கள் அங்கே ஆய்வை முடிக்காமல் டெல்ஃபையிலிருந்த பிரபுவின் வேட்டை மாளிகைக்குத் தங்கச் சென்றுவிட்டனர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நிற்க வேண்டும்; வராதவர் பெயர் நிவாரணப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்பது ஆணை. தொலைவு ஏறக்குறைய 19 கி.மீ. இரவு முழுவதும் குளிரில் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் உணவருந்திக்கொண்டிருந்தனர் என்றும், காக்க வைத்து வெறுங்கையோடு அனுப்பினர் என்றும் வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். திரும்பும் வழியில் மக்கள் விழுந்தனர். 'மாயோ கான்ஸ்டிடியூஷன்' என்னும் இதழில் அவ்வாண்டு ஏப்ரலில் பெயர் குறியாமல் வெளிவந்த கடிதம், பெண்கள் குழந்தைகள் உட்பட ஏழு உடல்கள் சாலையோரம் கிடந்ததாகவும், மேலும் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை என்றும் கூறியது. மக்கள் நினைவில் எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு பெரிது.

ஏரிக்கரையில் இன்று ஒரு கற்சிலுவை நிற்கிறது. 1849இல் இவ்வழி நடந்த பசித்த ஏழைகளோடு, இன்று மூன்றாம் உலகில் நடப்பவர்களையும் அதன் வாசகம் நினைவுகூர்கிறது. அக்கல்லில் காந்தியடிகளின் கூற்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தம் போன்ற மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர் எவ்வாறு பெருமை காண முடியும் என்னும் கருத்துடையது அது. 1988 முதல் இவ்வழியே பஞ்ச நினைவு நடைப்பயணம் நடைபெற்றுவருகிறது. 1991இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதில் நடந்தார்.

இந்த இடத்தில் தமிழர் தம் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்திய உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். பஞ்சத்தை இறைவன் செயலாகக் கண்டவர். 1848இலேயே, அது முடிந்துபோன ஒன்றைப் போல நூல் எழுதியவர். டூலஃப் கரையில் மக்கள் விழுந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதே டிரெவெல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். நகரத்தார்க்குப் பூங்கா அமைத்தார். வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் அவர் மக்கள் பக்கம் நின்ற ஆளுநராக நினைக்கப்பட்டார். இன்னொருவர் வில்லியம் கிரெகரி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்க்கு நிவாரணம் இல்லை என்னும் விதியை 1847இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவரே. நிலத்தைக் கைவிட்டால் கஞ்சி. கைவிடாவிட்டால் பட்டினி என்று ஆயிற்று. அவர் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். நுவரெலியா ஏரி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் மணந்துகொண்ட அம்மையார்தாம் பிற்காலத்தில் கவிஞர் யேட்ஸுடன் சேர்ந்து அப்பே நாடக அரங்கை நிறுவிய கிரெகரி சீமாட்டி.

1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டிய கைகள் பஞ்ச வேலைக்கு வந்த கைகள். கால்வாய்க்கு பக்கிங்ஹாம் கோமகன் என்னும் ஆளுநரின் பெயர் வந்தது; வெட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. ஒரே பேரரசு, ஒரே கணக்கு, இரண்டு கடற்கரைகள். அயர்லாந்தின் சாலை தமிழருக்கு அயலார் சாலையாக இல்லாமற்போவது இதனால்தான்.

லூயிஸ்பர்க்கைக் கடந்து கிழக்கே திரும்பினால் கிளூ விரிகுடாவின் தீவுக் கூட்டமும், 764 மீட்டர் உயரத்தில் கூம்பாய் நிற்கும் குரோ பேட்ரிக் மலையும் தென்படும். ஆண்டுதோறும் ஜூலை இறுதி ஞாயிறன்று மக்கள் இம்மலையேறுகிறார்கள். வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. மலையடிவாரத்து மரிஸ்கில் வெண்கலக் கப்பல் ஒன்று இருக்கிறது. ஜான் பீஹன் வடித்த தேசியப் பஞ்ச நினைவுச் சின்னம் அது. 1997இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்தார். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குப் பாய்மரக் கயிறுகளாகத் தோன்றுபவை, அருகே சென்றால் எலும்புக்கூடுகள். பட்டினிக்குத் தப்பிக் கப்பலேறியவர்களிலும் பலர் கரை காணவில்லை என்பதை அக்கப்பல் சொல்கிறது. காலையில் புறப்பட்டு இங்கு வந்து சேர 60 கி.மீ. கூட ஆகவில்லை.

இனி இரவுத் தங்கல். சாலையோரம் சற்று அகன்ற புல்வெளிகளில் சில இடங்களில் பெருங்கற்கள் வரிசையாகக் கிடப்பதைப் பயணி காணலாம். மலையிலிருந்து உருண்டு வந்தவை அல்ல. ஆட்கள் கொண்டுவந்து போட்டவை. வண்டியை நிறுத்திக் குடியிருப்பு அமைக்காமல் தடுப்பதற்காகப் போட்டவை. எவர் வண்டியை? அயர்லாந்தில் 'டிராவலர்' என்று அழைக்கப்படும் நாடோடி மக்களின் வண்டியை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறக்குறைய 33,000 பேர். தகரப் பாத்திரம் செய்தும் குதிரை விற்றும் பருவந்தோறும் ஊர் மாறி வாழ்ந்தவர்கள். வில்லாக வளைத்த கழிகளின்மேல் துணி போர்த்திய கூடாரமும், பீப்பாய் வடிவக் கூரையிட்ட குதிரைவண்டியும் அவர்களுடைய இல்லங்கள். அவர்களுக்கெனத் தனிமொழியும் உண்டு. 1963இல் வெளிவந்த அரசு ஆணைக்குழுவின் அறிக்கை அவர்களை ஊராரோடு கரைத்துவிடுவதையே தீர்வாகக் கண்டது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றி நிலத்தில் வண்டி நிறுத்தித் தங்குவதைக் குற்றமாக்கியது. தண்டமும் சிறையும் விதித்தது. தனி இன மக்கள் என்னும் ஏற்பு 2017 மார்ச் 1 அன்றுதான் கிடைத்தது. அதை நாடாளுமன்றத்தில் அறிவித்த பிரதமர் எண்டா கென்னி இதே மாயோ மாவட்டத்தவர்.

இரு கூடாரங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் திடலில் கட்டணம் செலுத்தி வாடகை வண்டியை நிறுத்தினால் அது சுற்றுலா. தலைமுறை தலைமுறையாகச் சாலையோரம் தங்கிவந்தவர் பழைய இடத்தில் நிறுத்தினால் அது அத்துமீறல். முன்னவரை அழைக்க விளம்பரம் செய்கிறார்கள். பின்னவரைத் தடுக்கக் கல் போடுகிறார்கள். நிலத்துக்குரியவரின் கவலையும் ஊராட்சியின் சிக்கலும் உண்மையே. அவற்றை இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும், வழியிலேயே வாழ்ந்த ஒரு கூட்டம் வழியில் நிற்கவும் இடமின்றிப் போவதைப் பசுமையின் பெயரால் மறந்துவிடலாகாது.

இவ்வகையில் எழுத்தாளர்க்கு வழிகாட்டியாக ஜான் மில்லிங்டன் ஸிங் நிற்கிறார். 1905 ஜூன் மாதத்தில் 'மான்செஸ்டர் கார்டியன்' இதழுக்காக அவரும் ஓவியர் ஜாக் யேட்ஸும் இதே மேற்குப் பகுதியில் ஒரு மாதம் சுற்றினர். ஸிங் நிலத்தின் எழிலை அறியாதவர் அல்லர். ஆனால் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று சாலை போடும் நிவாரணக் கூலிகளைப் பற்றியது. பெரும்பஞ்சம் கடந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கரையில் அதே முறையில் மக்கள் கல் சுமந்தனர் என்பதை அவர் நின்று பார்த்தார். என்ன கூலி என்று கேட்டார். நாடோடிகளைப் பற்றியும் எழுதினார். அவர்களைப் பாத்திரங்களாக்கிய 'தி டிங்கர்ஸ் வெடிங்' என்னும் அவருடைய நாடகம் அவர் வாழ்நாளில் அப்பே அரங்கில் ஏறவில்லை. 1971இல்தான் அங்கு மேடை கண்டது.

கவிஞர்களுக்கு இந்த ஒரு நாள் தரும் பாடம் எளியது. எந்த நிலத்துக்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். இவ்வூரின் பழைய பெயர் என்ன? இந்தச் சாலையை எவர், எதற்காகப் போட்டனர்? இங்கே தங்க முடியாதவர் எவர்? முதல் வினாவுக்கு ஊர் முதியவர் விடை சொல்வார். இரண்டாம் வினாவுக்கு ஆவணங்கள் விடை சொல்லும். மூன்றாம் வினாவுக்கான விடை சாலையோரக் கற்களாகக் கிடக்கும். குனிந்து பார்ப்பவர்க்கே தெரியும். எழிலைப் பாடக் கூடாது என்பது இதன் பொருளன்று. டூலஃப் ஏரி அழகானது. அந்த அழகைப் பாடுகிறவர் அங்கே விழுந்தவர்களையும் அறிந்து பாடினால், அவ்வழகு சிறுத்துப்போகாது, ஆழம் பெறும்.

ஈழத்திலும் தமிழகத்திலும், குடிபெயர்ந்து சென்ற நாடுகளிலும் தமிழர் நடந்த வழிகள் பல. அவற்றுள் பசியால் நடந்தவை மிகுதி. அவ்வழிகளின் பெயர்களையும் அவற்றை இட்டவர்களையும் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அவர்கள் திண்ணைகளைத் தேடிச் சென்று கேட்டு எழுதும் பணியைத் தொடங்குவது, பொன்மொழிகள் நூறு சொல்வதைக் காட்டிலும் பயனுடையதாகும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.